முப்பது வகை அத்தியும் இருபது பேர்ச்சஸ் காணியும்

பண்டாரவளைப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நாலு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். சுருக்கிச் சொன்னால் விஷயம் இதுதான். உறுதியுள்ள சொந்தக் காணி 20 பேர்ச்சஸ். பென்சன் எடுத்த பிறகு முகநூலில் பார்த்து எட்டு அத்திக் கன்றுகள் வாங்கி நட்டிருக்கிறார். அதில் இரண்டு நன்றாகக் காய்க்கின்றன. மூன்றில் காய் பெருவிரல் அளவுக்கு வந்ததும் மஞ்சளாகி விழுந்துவிடுகிறது. மற்ற மூன்றும் மழை தொடங்கினால் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கின்றன. ரொறன்ரோவில் இருக்கும் தம்பிக்கும் அத்திப் பைத்தியம். முப்பது வகைகளின் பட்டியலை அனுப்பி, டிசம்பரில் வரும்போது தண்டுகளை உடுப்புப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருகிறேன் என்கிறாராம்.

இடம் போதாவிட்டால் வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் தேயிலைத் தோட்டக் காணித் துண்டில் நடலாமா என்பது அடுத்த கேள்வி. பத்து வருஷம் மரம் நின்றால் காணி நமக்கே என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஓடைக்கரையில் காட்டு அத்தி நிற்கிறதே, அதிலிருக்கும் குளவி வந்து காயைப் பிடிக்க வைக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். “நாலு மரம் போதும், மிச்ச இடத்தில் லீக்ஸ் போடு” என்கிறார் கணவர். போன மாதம் கிளை வெட்ட உதவிய பேரனுக்குக் கையெல்லாம் கொப்பளித்து, இப்போது கறுப்புத் தழும்பாக இருக்கிறதாம். “இதில் யார் சொல்வதைக் கேட்பது?” என்று முடித்திருக்கிறார்.

டீச்சர், முதலில் பேரனின் கையைப் பார்ப்போம். அத்தி இலையிலும் கிளையிலும் வடியும் பால் தோலில் பட்டு, அந்த இடத்தில் வெயிலும் பட்டால் இப்படித்தான் ஆகும். உடனே தெரியாது. ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துச் சிவந்து கொப்பளிக்கும், அதனால்தான் பலர் இதை மயிர்க்கொட்டி பட்டது என்று நினைக்கிறார்கள். கறுப்பு நிறம் மறைய வாரக் கணக்கிலோ மாதக் கணக்கிலோ ஆகும். அதுவரை அந்த இடத்தில் வெயில் படாமல் முழுக்கைச் சட்டை போடச் சொல்லுங்கள். எலுமிச்சம்புளி தேய்க்கும் கைவைத்தியம் மட்டும் வேண்டவே வேண்டாம், வெயிலோடு சேர்ந்தால் அதுவும் இதே வேலையைத்தான் செய்யும். இனி வெட்டும்போது கையுறை, முழுக்கைச் சட்டை, பால் பட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுதல். கண்ணில் பட்டாலோ, புண் சீழ் வைத்தாலோ வைத்தியரிடம் கூட்டிப்போங்கள்.

இனி மரங்களுக்கு வருவோம். முப்பது வகை வளர்க்க ஆசைப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு கேள்விகளை எழுத வேண்டும். குளவி இல்லாமல் காய் பிடிக்குமா? ஈரத்தில் கெடாமல் பழுக்குமா? இந்த இரண்டுக்கும் “ஆம்” வந்த பிறகுதான் ருசி, நிறம், ஊர்ப் பெருமை எல்லாம்.

பெருவிரல் அளவில் விழும் காய்

நாம் பழமாகச் சாப்பிடும் சீமை அத்தியில், தோட்டக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டிய மூன்று சாதிகள் உண்டு. முதலாவது, மகரந்தம் சேராமலேயே காய்த்துப் பழுப்பது. பிரவுன் டர்க்கி, செலஸ்ட், கடோட்டா, பிளாக் மிஷன், வயலெட் டி போர்டோ எல்லாம் இந்தச் சாதி. இரண்டாவது ஸ்மைர்னா சாதி. இதற்கு ஒரு சிறு குளவி ஆண் அத்தியிலிருந்து மகரந்தம் கொண்டுவந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் காய் கொஞ்சம் பெருத்து உள்ளே வெறுமையாகி விழும். மூன்றாவது சான் பெட்ரோ சாதி. போன வருஷத்துக் கிளையில் வரும் முதல் காய் தானாகப் பழுக்கும், புதுத் தளிரில் வரும் முக்கியக் காய்ப்புக்குக் குளவி வேண்டும்.

அந்தக் குளவி நம் நாட்டில் இல்லை. ஓடைக்கரை அத்தியில் குளவி இருப்பது உண்மைதான், பழத்தைப் பிளந்தால் பறக்கும். ஆனால் அது அந்த மரத்துக்கே உரியது. அரசு, ஆல், காட்டு அத்தி ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குளவி, ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தது சரி, கணக்குத்தான் பிழை. கலிபோர்னியாக்காரர்களும் இதில் அடிபட்டவர்கள்தான். 1880களில் ஸ்மைர்னா அத்தியை ஆசையாகக் கொண்டுபோய் நட்டுவிட்டு, காய்கள் விழுவதை வருஷக் கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1899இல் குளவியைக் கொண்டுபோய் நிலைக்க வைத்த பிறகுதான் பழம் கண்டார்கள்.

காய் விழும் உங்கள் மூன்று மரங்களும் குளவி தேவைப்படும் சாதிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? விழுந்த காயை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே சதையில்லாமல், வெளிறிய காய்ந்த நூல்களும் நடுவில் பொந்துமாக இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஆனால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இளமரமும் காய் உதிர்க்கும். ஜூலைக் கச்சான் காற்றில் மண் காய்ந்து, திடீரென்று நிறையத் தண்ணீர் விட்டாலும் உதிரும். தேயிலைக்குப் போடுகிற பழக்கத்தில் யூரியாவை அள்ளிப் போட்டாலும் மரம் இலையாகக் கொழுத்துக் காயைக் கைவிடும். ஆகவே தண்ணீரை ஒழுங்குபடுத்தி இரண்டு காய்ப்புப் பாருங்கள். அப்போதும் ஒரு மரம் அதே அளவில் எல்லாக் காயையும் விட்டால், அது உங்களுக்குப் பழம் தரப்போவதில்லை.

பிடுங்கவும் வேண்டாம். வேர் நன்றாகப் பிடித்த மரம் அது. மேலே வெட்டி, நன்றாகக் காய்க்கும் உங்கள் இரண்டு மரங்களிலிருந்தே தண்டு எடுத்து ஒட்டுங்கள்.

எட்டில் ஒன்று “விதைக் கன்று” என்று விற்பனைக்காரர் சொன்னதாக ஓர் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். கடையில் வாங்கும் உலர்ந்த அத்தியின் விதையை முளைக்கவைத்தால் ஏறக்குறையப் பாதி ஆண் மரமாக இருக்கும். மீதிப் பாதியும் தாய் மரம் போல வராது. விதைக் கன்றுக்கு வகைப்பெயர் சொல்லி விற்பவரிடம் இனி எதுவும் வாங்காதீர்கள்.

மலையின் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள்

முகநூலில் யாரும் இதைக் கேட்பதில்லை, ஆனால் எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி. அத்திக்குக் குளிர்காலம் அவசியமில்லை, மண்ணிலும் பெரிய பிடிவாதம் இல்லை. பழுக்கிற ஐந்தாறு வாரங்கள் மட்டும் வெயில் வேண்டும், மழை வேண்டாம். பழத்தின் அடியில் இருக்கும் சின்ன வாய் வழியாகத் தண்ணீரும் சிறு வண்டும் உள்ளே போனால், பழம் மரத்திலேயே புளித்து நுரை கக்கும். கிட்டப் போனாலே கள்ளு வாசம் அடிக்கும்.

நீங்கள் ஊவாப் பக்கம். ஹட்டனும் மஸ்கெலியாவும் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழையில் ஊறிக்கிடக்கும்போது உங்களுக்குக் காய்ந்த காற்று. உங்கள் மழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை போகும், மார்ச் ஏப்ரலில் இடிமழை கொஞ்சம். அதாவது ஜூனிலிருந்து ஓகஸ்ட் வரை பழுக்க வைத்தால் நீங்கள் ஜெயித்தீர்கள். அதற்கு வழி கவ்வாத்து. முக்கியக் காய் புதுத் தளிரில்தான் வரும், தளிர் விட்டதிலிருந்து பழம் வரை உங்கள் உயரத்தில் நாலைந்து மாதம் பிடிக்கும். ஜனவரி கடைசியில், மழை ஓய்ந்ததும் வெட்டினால் கணக்குச் சரியாக வரும்.

தேயிலையை வெட்டுவது போல ஒரே மட்டத்துக்குத் தட்டையாக வெட்டிவிடாதீர்கள். நடுவைத் திறந்துவிட்டு, வெளிப்பக்கமாகப் போகும் நாலைந்து கிளைகளை மட்டும் வைத்து, ஒவ்வொன்றிலும் போன வருஷத்து வளர்ச்சியில் இரண்டு மூன்று கணு விட்டு வெட்டுங்கள். செலஸ்ட் இதற்கு விதிவிலக்கு. அதைக் கடுமையாக வெட்டினால் அந்த வருஷம் கோபித்துக்கொள்ளும், நெருங்கிய கிளைகளை மட்டும் எடுங்கள். சான் பெட்ரோ சாதியின் கதை இன்னும் மோசம். தானாகப் பழுக்கும் காய் பழைய கிளையில்தான் வரும். அதைக் கவ்வாத்தில் வெட்டி மிலாறோடு மிலாறாக எறிந்துவிட்டால் மிஞ்சுவது குளவிக்குக் காத்திருக்கும் காய் மட்டும். தம்பியின் பட்டியலில் இருக்கும் டெஸர்ட் கிங் இந்தச் சாதி, அதன் பெயரை நான் வெட்டிவிட்டதற்கு இதுதான் காரணம்.

மேற்குப் பக்கத்தில் இருந்து இதைப் படிப்பவர்கள் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். செப்டெம்பரில் மழை தணிய வெட்டினால் ஜனவரி முதல் மார்ச் வரையிலான மழையில்லாக் காலத்தில் பழுக்கும். நுவரெலியா உயரத்தில், அதாவது 1,800 மீற்றருக்கு மேல், காய் பிடிக்கும், பழுக்கத்தான் மாட்டாது. ஜனவரிப் பனி இளந்தளிரையும் கருக்கும். அங்கே வெயில் படும் சுவரோரமோ பொலித்தீன் கூடாரமோ இல்லாமல் முயல்வது வீண்செலவு.

மழையில் இலை கொட்டும் மூன்று மரங்களுக்கும் அநேகமாகத் துரு நோய். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பி விரலால் தேயுங்கள், செம்மஞ்சள் தூள் ஒட்டினால் அதுதான். தேயிலைக்குக் கொப்புள நோய் 1946இல் வந்ததிலிருந்து, ஈரமும் மூடுபனியும் இலைக்கு என்ன செய்யும் என்று மலையகத்தில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. விழுந்த இலையை மரத்தடியில் விடாமல் கூட்டி எரித்துவிடுங்கள். ஏப்ரல் மழைக்கு முன், புது இலை விரிந்ததும், செம்பு கலந்த பூஞ்சணக்கொல்லி ஒன்றை லேபலில் உள்ள அளவுக்கே அடிக்கலாம், காய் பழுக்கும் நேரத்தில் வேண்டாம். நவம்பரில் இலை கொட்டினால் அலட்டிக்கொள்ளாதீர்கள், எப்படியும் ஜனவரியில் வெட்டப்போகிறோம்.

மண்ணைப் பற்றி ஒரு சொல். உங்கள் காணி முன்பு தேயிலையாக இருந்திருந்தால் மண் புளிப்பாகத்தான் இருக்கும், தேயிலைக்கு அது பிடிக்கும். அத்தி கேட்பது 6க்கும் 7க்கும் இடைப்பட்ட பி.எச். மண்ணைப் பரிசோதித்துவிட்டு டொலமைட் போடுங்கள், கையளவுக் கணக்கில் அள்ளி வீச வேண்டாம். மரக்கறி போட்ட பாத்தியாக இருந்தால் வேர்முடிச்சுப் புழுவும் இருக்கும். வாடிய ஒரு தக்காளிச் செடியைப் பிடுங்கி வேரில் முடிச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கே அத்தி நடாமல் பெரிய தொட்டியில் வையுங்கள். கணவரின் லீக்ஸ் ஆசைக்கும் அத்திக்கும் ஒரே பாத்தி ஒத்துவராது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

தம்பியின் பெட்டி

“பத்துத் தண்டுதானே, யார் பார்க்கப்போகிறார்கள்” என்று தம்பி சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு என் பதில் நேரடியாக: வேண்டாம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நடுவதற்கான தண்டைக் கொண்டுவர முன்கூட்டியே இறக்குமதி அனுமதி எடுக்க வேண்டும், அனுப்பும் நாட்டின் தாவர சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். அளவு சின்னது என்பதால் விலக்குக் கிடையாது. விமான நிலையத்தில் பிடிபட்டால் தண்டு போகும், தம்பிக்கு வழக்கும் வரலாம்.

சட்டத்தை ஒரு பக்கம் வையுங்கள். உங்களுக்கே நஷ்டம் வரும் வழி ஒன்று இருக்கிறது. அத்திக்குத் தேமல் நோய் என்று ஒரு வைரஸ் நோய் உண்டு. இலையில் மஞ்சள் திட்டு, கோணல் வடிவம், மெலிந்த வளர்ச்சி. தண்டோடு வரும், ஒட்டினால் பரவும், கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுண்ணியும் மரத்துக்கு மரம் கடத்தும். மருந்து கிடையாது. தண்டைக் கழுவினாலும் மருந்தில் முக்கினாலும் உள்ளே இருக்கும் வைரஸ் போகாது. சேகரிப்பாளர்கள் கைமாற்றும் தண்டுகளில் இது சாதாரணம். நன்றாகக் காய்க்கும் உங்கள் இரண்டு மரத்தையும் அதற்குப் பணயம் வைக்கலாமா?

முறையாகக் கொண்டுவர விரும்பினால் வழி இருக்கிறது. உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் போங்கள். அவர் மூலமாகப் பேராதனையில் உள்ள விவசாயத் திணைக்களத்திலும் கட்டுநாயக்கவில் உள்ள தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவையிலும் அத்தித் தண்டுக்கான நிபந்தனைகளைக் கேட்டு, அனுமதி வந்த பிறகு தம்பி சான்றிதழுக்கு ஓடட்டும். டிசம்பருக்குள் முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள். கன்று விற்கும் யோசனையையும் கடிதத்தின் கடைசியில் தொட்டிருக்கிறீர்கள். நாற்றுமேடையைப் பதிவுசெய்வது பற்றியும் அதே போக்கில் கேட்டுவிடுங்கள்.

பின்னால் கிடக்கும் துண்டு

இதில் உங்களுக்குச் சொன்னவர் தப்பாகச் சொல்லியிருக்கிறார். தோட்டக் காணி பெரும்பாலும் அரசுக்குச் சொந்தமானது, கம்பனிகள் நீண்டகாலக் குத்தகையில் வைத்திருக்கின்றன. அரச காணிக்கு எதிராக ஆட்சியுரிமை ஓடாது. பத்து வருஷம் மரம் நின்றாலும் இருபது வருஷம் நின்றாலும் அது உங்கள் காணியாகாது. எதிர்மாறாக, நிலையான மரம் நட்டால் ஆக்கிரமிப்பு என்று நிர்வாகம் கடிதம் அனுப்பக் காரணம் கிடைக்கும். இதுவரை யாரும் எதுவும் சொல்லவில்லை என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள், துரை மாறினால் பேச்சும் மாறும். எழுத்தில் அனுமதி இருந்தால் கீரையோ போஞ்சியோ போடுங்கள். அத்தி வேண்டாம்.

அப்படியானால் முப்பது வகை?

20 பேர்ச்சஸ் என்பது ஏறக்குறைய 506 சதுர மீற்றர். வீடு, பாதை, கான், தண்ணீர்த் தாங்கி, மரக்கறி எல்லாம் போகப் பாதி மிஞ்சும் என்று வைப்போம். வருஷாவருஷம் கவ்வாத்துச் செய்தால் மூன்று மீற்றர் இடைவெளியில் நடலாம். காகிதத்தில் இருபத்தெட்டு மரம் வரும், நிழலையும் வேலியோரத்தையும் கழித்தால் பதினைந்துக்கு மேல் வைக்காதீர்கள். கணவர் சொன்ன நாலு என்பது ரொம்பக் கஞ்சத்தனம்.

ஒரு மரத்தில் இரண்டு மூன்று வகை ஒட்டலாம் என்பதுதான் உங்களைப் போன்றவர்களுக்கு நல்ல செய்தி. ஆனால் ஒரே வேகத்தில் வளரும் வகைகளைச் சேருங்கள். வேகமானது மெதுவானதை அமுக்கிவிடும், கவ்வாத்தில் அதை அடக்கிவைக்க வேண்டும். நோயுள்ள ஒரு தண்டு முழு மரத்தையும் கெடுக்கும் என்பதால், நட்டு ஒரு வருஷம் இலை சுத்தமாக இருந்த மரத்திலிருந்து மட்டும் தண்டு எடுங்கள். தண்டை நட்டு வேர்விட வைப்பதானால் பென்சில் பருமனில் மூன்று நாலு கணுவுள்ள முற்றிய தண்டு. தேயிலைத் தண்டுக்குச் செய்வது போல நாற்றுமேடையில் எப்போதும் ஈரமாக வைத்தால் அத்தி அழுகிவிடும். தும்புத்தூளும் மணலும் கலந்து, கையில் பிழிந்தால் தண்ணீர் சொட்டாத அளவு ஈரமே போதும்.

பட்டியலைப் பார்த்தேன். கலிமிர்னாவும் சரிலோப்பும் ஒரே மரம், இரண்டுமே ஸ்மைர்னா சாதி, அடித்துவிடுங்கள். ஸிடியும் அப்படியே. கடோட்டாவும் டொட்டாட்டோவும் ஒன்றுதான், ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கோடுபோட்ட பனாஷே பார்க்க அழகு, ஆனால் பழுக்க நீண்ட வெப்பகாலம் கேட்கும், வேண்டுமானால் தொட்டியில் ஆசைக்கு ஒன்று. ஏட்ரியாட்டிக் ஈரத்தில் சுலபமாகப் புளிக்கும். உங்கள் இடத்துக்கு நான் முதலில் தேடுவது, வாய் மூடியிருக்கும் செலஸ்ட், எல்.எஸ்.யூ. பர்ப்பிள், அப்புறம் பழுத்ததும் தேன்துளி வந்து வாயை அடைக்கும் கடோட்டா, நம்பிக்கையான பிரவுன் டர்க்கி. பிரவுன் டர்க்கி என்ற பெயரில் வேறு வேறு மரங்கள் விற்கப்படுகின்றன, ஆகவே பெயரை நம்பாமல் காய்ப்பதைப் பார்த்துத் தண்டு வாங்குங்கள்.

ஒட்டியதற்கெல்லாம் பெயர் எழுதுங்கள். மார்க்கர் பேனா ஒரு மழைக்குத் தாங்காது. சோடா டின்னைக் கத்தரித்து, ஆணியால் அழுத்தி எழுதி, கம்பியில் தளர்வாகக் கட்டினால் வருஷக் கணக்கில் நிற்கும். கொண்டைக்குருவியும் அணிலும் உங்களுக்கு முன்பே பழத்தைக் கண்டுபிடிக்கும், நிறம் மாறத் தொடங்கியதும் துணிப்பை கட்டுங்கள். தண்டின் அடியில் மரத்தூள் கொட்டிக் கிடந்தால் துளைப்பான் புழு உள்ளே இருக்கிறது, வளையும் கம்பியை விட்டுக் குத்தி எடுங்கள்.

காய் விழுகிற மூன்று மரங்களிலும் இப்போதே சிவப்பு நாடா கட்டிவிட்டு, தண்ணீர் விடும் நாட்களைக் கொப்பியில் குறித்து வாருங்கள். தம்பி டிசம்பரில் தண்டில்லாமல் வரட்டும். நல்ல கவ்வாத்துக் கத்தரி ஒன்றும், ஒட்டுக் கட்டும் நாடா இரண்டு சுருளும் கொண்டுவரச் சொல்லுங்கள், அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.